கல்லமேட்டு ராட்சதனும் இருபத்து நான்கு சீட்டுகளும்

நீங்கள் 'டிரம்ப் கார்டு' விளையாடியிருப்பீர்கள். கிரிக்கெட் வீரர், விமானம், மோட்டார் கார் என்று ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பொருள் உண்டு. சீட்டின் மேற்பாதியில் படம், கீழ்ப்பாதியில் எண்கள். கையிலுள்ள அடுக்கின் மேல்சீட்டைப் பார்த்து ஒருவர் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். மற்றவர் சீட்டில் அதைவிடப் பெரிய எண் இருந்தால் சீட்டு அவருக்கு. இல்லாவிட்டால் அவருடைய சீட்டு நமக்கு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய ஆட்டம் இது.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை நேரம். பெரம்பலூரில் நல்ல மழை; மின்சாரம் நின்றுவிட்டது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகனும், என் தாயாரும் விளக்கைச் சுற்றி அமர்ந்து டைனோசார் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். டைரனோசாரஸ், டிரைசெராடாப்ஸ், ஸ்டெகோசாரஸ் என்று சீட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. என் தாயார் ஒரு சீட்டை விளக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா, இதிலே எல்லாம் அமெரிக்கா, சீனான்னே போட்டிருக்கே. நம்ம பக்கத்துலே இருந்தது ஒண்ணுகூட இல்லியா?"

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை; இதன் முடிவில் நீங்களும் செய்து விளையாடக்கூடிய ஒரு சீட்டுக்கட்டும் பிறந்தது.

நம் காலடியில் ஒரு கடல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் மாணவர்களுக்கு ஒரு செய்தியைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் நிலத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் கடலாக இருந்தது. கிரெட்டேசியஸ் காலம் என்று அறிஞர்கள் கூறும் யுகம் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அந்த யுகத்தில் கடல் இப்பகுதிக்குள் புகுந்து, பின்வாங்கி, மீண்டும் புகுந்தது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சிப்பியும் படிந்தன. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே அந்தப் பாறைத் தொகுதிகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். உலகின் எந்த மூலையிலுள்ள புவியியல் மாணவனும் இப்பெயர்களைப் படிக்கிறான்.

காரை கிராமத்துக்கு அருகே, மழைநீர் அரித்து வரிவரியாகப் பிளந்து கிடக்கும் செம்மண் நிலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே நத்தைபோல் சுருண்ட ஓடுகள் கல்லாகிக் கிடைக்கின்றன. அவை அம்மோனைட்டுகள். இன்றைய கணவாய் மீனுக்குத் தூரத்து உறவினர். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லும் அம்மோனைட்டுதான். சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் அடித்துவரப்பட்டுப் புதைந்த ஊசியிலை மரமொன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். அரியலூரில் சிமெண்டு ஆலைகள் வந்ததற்குக் காரணமும் இந்தக் கடல்தான். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் பெரும்பங்கு பழைய கடல் சிப்பிகளே.

கடல் இருந்த இடத்தில் டைனோசார் எப்படி வந்தது? டைனோசார்கள் தரையில் வாழ்ந்தவை அல்லவா?

நல்ல கேள்வி. கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில் கடல் பின்வாங்கியது. ஆறுகள் ஓடின. அந்த ஆற்று மணலும் களிமண்ணும் படிந்து உண்டான அடுக்குக்கு 'கல்லமேடு படிவம்' என்று பெயர். அரியலூர் மாவட்டத்திலுள்ள கல்லமேடு என்ற சிற்றூரின் பெயர் அது. டைனோசார்கள் உலகிலிருந்து மறைவதற்குச் சற்று முந்திய காலத்தின் மண் அங்கே கிடக்கிறது.

ராட்சதன் வந்தான், போனான்

இப்பகுதியின் பாறைகளை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அவருடைய நூல் 1862-இல் வெளிவந்தது. பின்னர் சார்லஸ் மேட்லி என்பவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசார்களைப் பற்றி 1929-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர்கள் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, வால் எலும்பு ஆகியவை அவற்றில் அடங்கும். அந்த விலங்குக்கு அவர்கள் இட்ட பெயர் 'பிருகத்காயோசாரஸ் மேட்லியி'. 'பிருகத்' என்றால் பெரிய. 'காயம்' என்றால் உடல். 'சாரஸ்' என்றால் கிரேக்க மொழியில் பல்லி. பேருடல் பல்லி! பெயரின் பின்பாதி, முன்சொன்ன மேட்லியின் நினைவாக வைக்கப்பட்டது.

கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று அளந்திருந்தார்கள். உங்கள் வகுப்பறைக் கதவின் உயரத்தை எண்ணிப் பாருங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டுமே அவ்வளவு உயரம்!

முதலில் இதை இறைச்சி தின்னும் டைனோசார் என்றே கருதினார்கள். பின்னர் வந்த அறிஞர்கள், இது நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் நான்கு தூண்போன்ற கால்களும் கொண்ட தாவர உண்ணி இனத்தைச் சேர்ந்தது என்ற கருத்துக்கு வந்தார்கள்.

இந்தக் கதையை நான் சொல்லி முடிக்குமுன் என் மகள் ஓர் அட்டையை வெட்டிவிட்டாள். "அப்பா, எடை எவ்வளவுன்னு சொல்லுங்க. இந்தச் சீட்டு என்கிட்ட வந்தா யாரும் என்னை ஜெயிக்க முடியாது!"

என் தங்கை மகன் விடவில்லை. "மாமா, அந்த எலும்பு இப்ப எங்கே இருக்கு? எந்த மியூசியத்துல பார்க்கலாம்?"

நான் சற்று மௌனமானேன். ஏனென்றால், அந்த எலும்பு இப்போது இல்லை.

கல்லமேட்டு மண் இளகிய மணலும் களியும் கலந்தது. அதில் புதைந்திருந்த எலும்புகளும் உறுதியற்றவை. வெளியே வந்தபின் மழையிலும் ஈரத்திலும் அவை நொறுங்கிப் போயின. இன்று அவை இல்லை என்ற செய்தி 2017-இல் ஆராய்ச்சிக் கட்டுரையிலேயே பதிவாயிற்று. அகழ்ந்தபோது எடுத்த பழைய புகைப்படங்களும் 1987-இல் அச்சான கோட்டோவியங்களும் அளவுகளுமே எஞ்சியவை. அப்புகைப்படங்களை அய்யாசாமியும் சௌரப் பால் என்பவரும் 2022-இல் வெளியிட்டார்கள். அதற்குமுன், 'அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம்' என்று சந்தேகித்தவர்களும் உண்டு. சாத்தனூர் மரத்தை அறிந்த நமக்கு அந்தச் சந்தேகம் வியப்பளிக்காது.

"அப்படீன்னா சீட்டு செல்லாது," என்றான் அவன்.

"செல்லும்!" என்றாள் அவள்.

"எலும்பே இல்லாததுக்கு எடை எப்படிப் போடுவே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பௌதிகம் கற்பிப்பவன். எனவே அலமாரியிலிருந்த ஒரு பிளாஸ்டிக் டைனோசாரையும், அளவுக் குவளையையும், ஒரு பேசின் தண்ணீரையும் எடுத்து வரச் சொன்னேன்.

பொம்மையைக் கொண்டு எடை போடுவது எப்படி?

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்நீல் அலெக்சாண்டர் என்ற விலங்கியல் பேராசிரியர் 1980-களில் செய்து காட்டிய முறை இது. கடைப் பொம்மையே போதும். ஆனால் விலங்கின் உருவத்துக்கு ஓரளவு பொருத்தமாக இருக்க வேண்டும்.

பேசினை விளிம்பு வரை தண்ணீரால் நிரப்புங்கள். பொம்மையின் அடியில் துளை இருந்தால் மெழுகால் அடைத்துவிடுங்கள். ஒரு குச்சியால் அழுத்திப் பொம்மையை முழுதும் மூழ்கச் செய்யுங்கள். வழிந்த நீரைப் பிடித்து அளந்தால் அதுவே பொம்மையின் கனஅளவு. ஆர்க்கிமிடீசை மறக்கவில்லையே?

எங்கள் பொம்மை 35 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நீள்கழுத்து டைனோசார். வழிந்த நீர் 110 மில்லிலிட்டர். பாரபாசாரஸ் என்ற இந்திய டைனோசாரின் நீளம் சுமார் 14 மீட்டர். அதாவது பொம்மையைப்போல் 40 மடங்கு. நீளம் 40 மடங்கானால் கனஅளவு எத்தனை மடங்காகும்?

"நாற்பது மடங்கு," என்றாள் மகள்.

இல்லை. நீளம் 40 மடங்கு, அகலம் 40 மடங்கு, உயரமும் 40 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 64,000 மடங்கு! 110 மில்லிலிட்டரை 64,000-ஆல் பெருக்கினால் 70,40,000 மில்லிலிட்டர். அதாவது சுமார் 7 கனமீட்டர். ஒரு கனமீட்டர் தண்ணீர் 1 டன். விலங்கின் உடல் ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி கொண்டது என்று வைத்துக்கொண்டால் எடை 7 டன். நீள்கழுத்து டைனோசார்களின் உடலில் பறவைகளுக்கு இருப்பதுபோல் காற்றறைகள் இருந்தன. ஆகவே சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இந்த 'மும்மடிப் பெருக்கம்' நமக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. நீளத்தை வெறும் 10 சதவீதம் அதிகமாக மதிப்பிட்டுவிட்டால் எடை எவ்வளவு பிழையாகும்? 1.1 × 1.1 × 1.1 = 1.331. அதாவது 33 சதவீதம்! சிறு தவறு பெருந்தவறாகிவிடும். டைனோசார் எடைகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இப்போது கல்லமேட்டு ராட்சதனுக்கு வருவோம். தென் அமெரிக்காவின் அர்ஜென்டினோசாரஸ், நம்பகமான எலும்புகள் கிடைத்த டைனோசார்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதன் கீழ்க்கால் எலும்பு 155 சென்டிமீட்டர். நம்முடையது 200 சென்டிமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. 200-ஐ 155-ஆல் வகுத்தால் 1.29. அதை மும்மடியாக்கினால் சுமார் 2.15. அர்ஜென்டினோசாரசின் எடையை 70 டன் என்று கொண்டால் நம் ராட்சதன் 150 டன்! 5 டன் எடையுள்ள யானைகள் முப்பதைத் தராசின் மறுதட்டில் நிறுத்த வேண்டும். நீலத் திமிங்கலத்தோடு போட்டியிடக்கூடிய எடை இது.

2023-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் பால், லாரமெண்டி என்ற இருவர் இதன் எடை 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருக்கலாம் என்றும், எச்சரிக்கையோடு சொன்னால் 110 முதல் 130 டன் என்றும் எழுதினார்கள். இந்தக் கணக்கு முழுவதும் எதன்மேல் நிற்கிறது என்பதைக் கவனித்தீர்களா? இன்று நம் கையில் இல்லாத ஓர் எலும்பின் அளவின்மேல் நிற்கிறது. மறுபடி அளந்து பார்க்க வழியில்லை. அளந்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று எவரும் கூறவில்லை. ஆனால் விஞ்ஞானத்தில் ஓர் அளவை இன்னொருவர் மீண்டும் அளந்து பார்க்க முடிய வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் மழை கொண்டுபோய்விட்டது.

மூன்று கேள்விகள்

"அப்ப என்ன எழுதறது, அப்பா? 110-ஆ, 150-ஆ, 170-ஆ?"

மூவரும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். '110 – 170' என்று முழு வீச்சையும் எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். ஆட்டத்தில் சிறிய எண்ணாகிய 110 மட்டுமே செல்லும். அதுவும் சும்மா செல்லாது. எதிராளி 'சான்று?' என்று கேட்டால் சீட்டுக்குரியவர் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்:

அளந்தவர் யார்? அளந்தது எதை? அது இப்போது எங்கே இருக்கிறது?

மூன்றுக்கும் சரியான விடை சொன்னால் சீட்டு செல்லும். ஒன்று தவறினாலும் சீட்டு போய்விடும். 'அது இப்போது இல்லை' என்பதும் சரியான விடையே; ஆனால் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளும் சீட்டாட்டத்துக்கு மட்டும் உரியவை அல்ல. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண் தோண்டியபோது உருண்டையான பெரிய கற்கள் வெளிப்பட்டன. உடனே 'டைனோசார் முட்டைகள்' என்று படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. என் மாணவர்களும் எனக்கு அனுப்பினார்கள். புவியியலாளர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல என்றார்கள். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ கருவாகக் கொண்டு தாதுப்பொருள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகும்போது இப்படிப்பட்ட உருண்டைகள் உண்டாகும். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு பிடிப்பதை ஒருவாறு ஒப்பிடலாம்.

உண்மையான முட்டையை எப்படி அறிவது? உருவத்தைக் கொண்டு அல்ல. ஓட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், உயிருள்ள முட்டை மூச்சுவிட்ட நுண்துளைகளும், ஓட்டின் படிக அமைப்பும் தெரியும். அரியலூர்ப் பகுதியில் கிடைத்த ஒரு முட்டையின் ஓட்டை இவ்வாறு ஆராய்ந்து 1996-இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆக, நம் பகுதியில் டைனோசார் முட்டையே கிடையாது என்பதும் தவறு. உருண்டைக் கல்லெல்லாம் முட்டை என்பதும் தவறு.

தொலைந்ததும் கிடைத்ததும்

நம் கட்டில் இன்னும் சில சீட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு.

டைட்டனோசாரஸ்: 1828-இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ராணுவ அதிகாரி சில எலும்புகளைக் கண்டெடுத்தார். 'டைனோசார்' என்ற சொல்லே அப்போது கிடையாது. ரிச்சர்டு ஓவன் அதை உருவாக்கியது 1842-இல்தான். 1877-இல் லிடெக்கர் அவ்வெலும்புகளுக்கு டைட்டனோசாரஸ் என்று பெயரிட்டார். பிறகு எலும்புகள் எங்கே போயின என்றே தெரியாமற் போயிற்று. நெடுங்காலத்துக்குப்பின் 2012-இல், கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேமிப்பில் அவற்றுள் ஒரு வால் எலும்பு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. பாதுகாப்பாக வைத்திருந்ததால் தேடினால் கிடைத்தது!

பாரபாசாரஸ்: வங்க மொழியில் 'பெரிய கால்' என்று பொருள். கோதாவரிப் படுகையில் கிடைத்தது. 1975-இல் பெயர் சூட்டினார்கள். இதன் எலும்புக்கூட்டைக் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அருங்காட்சியகத்தில் முழு உருவில் நிறுத்தியிருக்கிறார்கள்.

ராஜசாரஸ்: குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்த இறைச்சியுண்ணி. நெற்றியில் சிறு கொம்புபோன்ற புடைப்பு உண்டு. 2003-இல் பெயர் பெற்றது.

திராவிடோசாரஸ்: இதுவும் நம் அரியலூர் வட்டாரத்ததே, சுமார் 9 கோடி ஆண்டுப் பழமையானது. முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் இனம் என்று 1979-இல் யாதகிரியும் அய்யாசாமியும் எழுதினார்கள். 1996-இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் இது டைனோசாரே அல்ல, கடலில் நீந்திய ஊர்வன என்றார்கள். எனவே இந்தச் சீட்டிலும் சிவப்புக் கேள்விக்குறி.

கல்லமேட்டுப் பல்: பெயரில்லாத சீட்டு இது. கல்லமேட்டு மண்ணைச் சலித்தபோது கிடைத்த ஒரு சிறு பல், 'டிரூடான்டிட்' எனப்படும் சிறிய, பறவைக்கு நெருங்கிய டைனோசார் வகையினுடையது என்று அஞ்சலி கோஸ்வாமியும் அவருடைய சகாக்களும் 2013-இல் அறிவித்தார்கள். அதுவரை அந்த வகை வடகோளக் கண்டங்களில்தான் தெரிந்திருந்தது. அந்நாளில் இந்தியா ஆசியாவோடு ஒட்டாமல் கடலில் நகர்ந்துகொண்டிருந்த தனி நிலம். இந்தப் பிராணி இங்கே எப்படி வந்தது? ராட்சத எலும்பு எழுப்பிய கேள்விக்குக் குறைந்ததல்ல இந்தச் சிறு பல் எழுப்பிய கேள்வி. அந்தப் பல் பத்திரமாக இருக்கிறது. எவரும் மறுபடி பார்க்கலாம்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. படித்த நாளில் நண்பர்களோடு காரைக்குப் போனேன். உள்ளங்கை அகல அம்மோனைட் ஒன்றைக் கண்டெடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எந்த ஓடைக்கரை, எந்த அடுக்கு, மேலே என்ன இருந்தது, கீழே என்ன இருந்தது – எதையும் குறிக்கவில்லை. இன்று அது என் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. ஒருமுறை புவியியல் படித்த நண்பர் அதைக் கையில் வாங்கி, "எந்த அடுக்குல எடுத்தீங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அழகா இருக்கு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்துக் கோடி ஆண்டுகள் காத்திருந்த ஒரு சான்றை நான் ஐந்து நிமிடத்தில் வெறும் கல்லாக்கிவிட்டேன். மழை ராட்சதனுக்குச் செய்ததை நான் அந்த அம்மோனைட்டுக்குச் செய்தேன்.

எலும்புகளைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. அகழ்வோர் புதைபடிவத்தின்மேல் ஈரக் காகிதம் போர்த்தி, பாரிஸ் சாந்தில் நனைத்த சாக்குத் துணியால் கட்டுப்போடுவார்கள். எலும்பு முறிந்தவருக்கு மாவுக்கட்டுப் போடுவதுபோலத்தான். வேடிக்கை என்னவென்றால், பாரிஸ் சாந்து செய்ய உதவும் ஜிப்சம் நம் காரை மண்ணிலேயே கிடைக்கிறது. காயமும் இங்கே, மருந்தும் இங்கே!

நீங்களும் கட்டு செய்யலாம்

இனி, சீட்டுக்கட்டு செய்யும் முறையைப் பார்ப்போம்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒரே அளவில் 24 துண்டுகளாக வெட்டுங்கள். ஏன் 24? இருவர் ஆடினால் ஆளுக்கு 12, மூவருக்கு 8, நால்வருக்கு 6, அறுவருக்கு 4. மீதமின்றிப் பங்கிடலாம். 12 இந்திய டைனோசார்கள், 12 வெளிநாட்டு டைனோசார்கள் என்று தேர்ந்தெடுங்கள். படம் நீங்களே வரையுங்கள்.

ஒவ்வொரு சீட்டிலும் நான்கு கட்டங்கள்: நீளம், எடை, தொன்மை, பெயர் சூட்டிய ஆண்டு. முதல் மூன்றில் பெரிய எண் வெல்லும். நான்காவதில் முந்திய ஆண்டு வெல்லும்.

நான்காவது கட்டம் எதற்கு? எல்லாக் கட்டத்திலும் ஒரே சீட்டு வென்றால் ஆட்டம் சப்பென்று போய்விடும். கல்லமேட்டு ராட்சதன் எடையில் வெல்வான். ஆனால் தொன்மையில் சுமார் 6.6 கோடி ஆண்டுதான். பதினெட்டு கோடியைத் தாண்டும் பாரபாசாரசிடம் தோற்பான். பெயர் சூட்டிய ஆண்டில் 1987. டைட்டனோசாரசின் 1877 அவனை வெல்லும். அதையும் வெல்லும் இங்கிலாந்தின் மெகலோசாரஸ், 1824. எந்தக் கட்டத்தைச் சொல்வது என்று யோசிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

எண்ணை எழுதுமுன் குறைந்தது இரண்டு நூல்களைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு எண்களையும் எழுதிச் சிவப்புக் கேள்விக்குறி இடுங்கள். கேள்விக்குறிச் சீட்டில் சிறிய எண்ணே செல்லும், 'சான்று?' என்று கேட்டால் மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் மறுவாரமே புதுக்கட்டு தயாராகிவிட்டது. முதல் ஆட்டத்தில் பிருகத்காயோசாரஸ் என் தாயாரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எடை, நூத்திப் பத்து," என்றார். தங்கை மகன் விடுவானா?

"அம்மாயி, சான்று?"

அவர் சீட்டைப் பார்க்கவேயில்லை. "அளந்தது யாதகிரியும் அய்யாசாமியும். அளந்தது கீழ்க்கால் எலும்பை, ரெண்டு மீட்டர். இப்போ அது இல்லை. மழையிலே போயிடுச்சு, படந்தான் மிச்சம். சீட்டைக் குடு."

அவன் பேசாமல் தன் டைரனோசாரசைக் கொடுத்தான். என் மகள் கைதட்டி, "அப்பாயி ஜெயிச்சாச்சு!" என்றாள்.

மாணவ நண்பர்களே! அடுத்த விடுமுறையில் சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்கும், அரியலூர் மாவட்டம் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் ஆசிரியரோடு சென்று வாருங்கள். வயலிலோ ஓடையிலோ வித்தியாசமான கல்லைக் கண்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இடம், தேதி, மண்ணின் நிறம் ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். ஆசிரியர் மூலம் புவியியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். கல்லமேட்டு மண்ணில் இன்னும் எலும்புகள் இருக்கலாம். அடுத்த எலும்பு வெளிப்படும் நாளில் மழைக்கு முன்னால் அங்கே சென்று சேர்பவர் உங்களுள் ஒருவராக இருக்கட்டும். அன்று நம் கட்டிலுள்ள அந்தச் சிவப்புக் கேள்விக்குறியை அழித்துவிடலாம்.